சிலருக்கு வெடி! சிலருக்கு மத்தாப்பு!
பயங்கரக் கதை படிப்பவர்கள் பலவிதம்

பட்டாசுக்குப் பேர்போன வட்டாரம் திருத்தங்கல். அங்கேகூட எல்லாப் பிள்ளைகளும் தீபாவளிக்கு ஒரே பட்டாசைக் கேட்பதில்லை. ஒருவன் அணுகுண்டு கேட்பான். இன்னொருவன் காதைப் பொத்திக்கொண்டு, "எனக்குக் கம்பி மத்தாப்பு போதும்" என்பான்.

கதை படிப்பதும் அப்படித்தான்.

ஒரே வீட்டில் அண்ணனும் தங்கையும் இருப்பார்கள். அண்ணனுக்குக் கொலை வேண்டும், கொள்ளை வேண்டும், பேய் வேண்டும். நள்ளிரவில் கதவு தானாகத் திறந்தால்தான் அடுத்த பக்கத்தைப் புரட்டுவான். தங்கைக்கோ அதைக் கேட்டாலே தூக்கம் போய்விடும்.

"பயந்தாங்கொள்ளி!" என்பான் அண்ணன்.

"உனக்கு இரக்கமே இல்லையா?" என்பாள் தங்கை.

யார் சொல்வது சரி?

நான்கு வகைப் பயம்

மனித உணர்ச்சிகளை எட்டாகப் பிரித்தார் தொல்காப்பியர். சிரிப்பு, அழுகை, கோபம் ஆகியவற்றோடு அச்சத்துக்கும் அதில் இடம் கொடுத்தார். அச்சம் எதனால் வருகிறது? அணங்கு, விலங்கு, கள்வர், தண்டிக்கும் அரசன் என்று நான்கு காரணங்களைச் சொன்னார்.

இன்றைய திகில் கதை ஒன்றை எடுத்துப் பாருங்கள். பேய், புலி, கொள்ளைக்காரன், கொடிய அதிகாரி! பெரும்பாலும் இந்த நால்வரில் ஒருவர் அதில் இருப்பார்.

இரும்புக்கை மாயாவி

திருத்தங்கலுக்கு அடுத்த ஊர் சிவகாசி. 1972-ல் அங்கிருந்து "முத்து காமிக்ஸ்" வெளிவரத் தொடங்கியது. முதல் கதையே "இரும்புக்கை மாயாவி". மின்சாரம் பாய்ந்ததும் ஆள் மறைந்துவிடுவான். இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும்! 1984-ல் "லயன் காமிக்ஸ்" வந்தது. துப்பாக்கி வீரன் டெக்ஸ் வில்லரும் அதில் வந்தான். சிரிக்க வைக்கும் லக்கி லூக்கும் வந்தான். வெடிக்கும் மத்தாப்புக்கும் ஒரே கடை!

தங்கால் கதை

கொலையும் தீயும் நிறைந்த கதை தமிழுக்குப் புதிதா? இல்லை. சிலப்பதிகாரத்தில் கோவலன் வெட்டுண்டு சாகிறான். மதுரை பற்றி எரிகிறது. அந்த நேரத்தில் மதுராபதித் தெய்வம் கண்ணகியின் முன் வருகிறது. என்ன செய்கிறது? கதை சொல்கிறது!

அது தங்கால் என்ற ஊரின் கதை. அந்தத் தங்கால்தான் இன்றைய திருத்தங்கல்.

வார்த்திகன் என்பவனின் சின்ன மகன் மழலை மாறாமல் வேதம் ஓதினான். அதைக் கேட்டு மகிழ்ந்த பராசரன் அவனுக்கு நகைகளைப் பரிசளித்தான். பொறாமைக்காரர்கள் பழி சுமத்தினார்கள். தந்தை சிறைக்குப் போனான். தாய் கார்த்திகை தரையில் விழுந்து அழுதாள். கொற்றவை கோயில் கதவு திறக்க மறுத்தது. பாண்டியன் விசாரித்தான், தவறை உணர்ந்தான், வார்த்திகனை விடுவித்து மன்னிப்புக் கேட்டான். தங்கால் ஊரையும் வயலூரையும் அவனுக்கே கொடுத்தான். கோயில் கதவும் திறந்தது!

எரியும் மதுரையும் மழலைச் சிறுவனும் ஒரே நூலில் இருக்கிறார்கள். ஒருவர் மனத்தில் தீ நிற்கும். இன்னொருவர் மனத்தில் சிறுவன் நிற்பான். இருவரும் நல்ல வாசகர்களே!

எட்டி நிற்கும் தூரம்

பயங்கரக் கதை ஏன் இனிக்கிறது? ஆபத்து நம்மைத் தொடாது என்று தெரிவதால்தான். புத்தகத்தை மூடினால் பேய் போய்விடும். வெடியைக் கொளுத்திவிட்டு எட்டி நின்று பார்ப்பது போலத்தான் அதுவும். எவ்வளவு தூரம் எட்டி நிற்பது என்பது மட்டும் ஆளுக்கு ஆள் மாறும்.

சிலரால் எட்டி நிற்கவே முடியாது. 2012 செப்டம்பர் 5-ந் தேதி, சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்தது. 30-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அன்று தந்தையை இழந்த மகனுக்குக் கதையில் வரும் வெடி வேடிக்கையாக இருக்குமா? அவன் அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டால் கோழை என்று சொல்லலாமா?

ஆகவே பெற்றோர்களே! திகில் கதை கேட்கும் பிள்ளையை முரடன் என்று திட்டாதீர்கள். வேண்டாம் என்கிற பிள்ளையைக் கேலி செய்யாதீர்கள். "படித்தபின் தூக்கம் வந்ததா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அதிலேயே அளவு தெரிந்துவிடும்.

அண்ணன் பேய்க் கதையைப் படிக்கட்டும். தங்கை கேட்டால், பேய் ஒழிந்த கடைசிப் பக்கத்தை மட்டும் அவளுக்குப் படித்துக் காட்டட்டும்!