பழைய குடும்பப் படங்களை எண்மமாக்கும் வழிகள்

பழைய குடும்பப் படங்களைக் கணினிக் கோப்பாக மாற்றக் கைப்பேசி, ஸ்கேனர், ஸ்டுடியோ என மூன்று வழிகள் உண்டு. படம் தனித்தாளாக இருக்கிறதா, கண்ணாடிக்குள் இருக்கிறதா, நெகட்டிவாக இருக்கிறதா என்பதைப் பார்த்தே வழியை முடிவு செய்ய வேண்டும். ஒரே வீட்டில் மூன்றுமே தேவைப்படலாம்.

தனித்தாள் படங்களுக்கு ஃபிளாட்பெட் ஸ்கேனரை மிஞ்ச எதுவும் இல்லை. 4×6 அங்குலப் படத்தை 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) எடுத்தால் அதே அளவில் மறுபடி அச்சிடலாம். 600 டிபிஐயில் எடுத்தால் 2400×3600 புள்ளிகள் கிடைக்கும்; இரு மடங்கு பெரிதாக்கலாம். அதற்கு மேல் போனால் பெரும்பாலும் தாளின் சொரசொரப்புதான் கூடும். தீப்பெட்டி அளவுச் சின்னப் படங்களுக்கு மட்டும் 1200 வைக்கலாம். தாளைத் தானாக உள்ளிழுக்கும் அலுவலக ஸ்கேனரில் சுருண்ட பழைய படத்தைக் கொடுக்கவே கூடாது.

நெகட்டிவ் கிடைத்தால் அதிர்ஷ்டம். அச்சில் இல்லாத நுணுக்கமும் அதில் இருக்கும். ஆனால் 35 மி.மீ. ஃபிலிமின் ஒரு படம் 24×36 மி.மீ.தான். அதற்கு 2400 டிபிஐக்குக் குறையாமல் வேண்டும், பின்னாலிருந்து ஒளியும் வேண்டும். சாதாரண பிரிண்டரோடு வரும் ஸ்கேனரால் இது ஆகாது. சில ஃபிலிம் ஸ்கேனர்கள் அகச்சிவப்பு ஒளியால் தூசியைக் கண்டறிந்து நீக்கும். கறுப்பு வெள்ளை ஃபிலிமில் உள்ள வெள்ளி அந்த ஒளியையும் மறைப்பதால் அங்கே அது பயன்படாது.

நம் ஊர் வீடுகளில் பெரிய சிக்கல் கண்ணாடி போட்டு மாட்டிய படம். ஈரக்காற்றில் படத்தின் ஜெலட்டின் பூச்சு இளகிக் கண்ணாடியோடு ஒட்டிவிடும். இழுத்தால் தாத்தாவின் முகம் கண்ணாடியிலேயே தங்கிவிடும். இதற்குக் கேமராவோ கைப்பேசியோதான் வழி. ஃபிளாஷை அணைத்து, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து, எதிரே கறுப்புத் துணி பிடித்தால் பிரதிபலிப்பு குறையும். சற்றுத் தள்ளி நின்று ஜூம் செய்து எடுத்தால் ஓரங்கள் வளையாது. கூகுள் 2016இல் வெளியிட்ட ஃபோட்டோஸ்கேன் செயலி, ஒரே படத்தைப் பல கோணங்களில் எடுத்து ஒன்றாக்கிப் பளபளப்பை நீக்குகிறது.

படங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தால் ஸ்டுடியோ வசதி. எத்தனை டிபிஐ, கைவைக்காத மூலக் கோப்பும் கிடைக்குமா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். செயற்கை நுண்ணறிவால் “தெளிவாக்கிய” முகம் பல நேரம் யாரோ ஒருவருடைய முகம். அதைத் தனிப் பிரதியாக வைத்துக்கொள்ளலாமே தவிர, மூலத்துக்குப் பதிலாக வைக்க முடியாது.

எதை முதலில் எடுப்பது? பலரும் கறுப்பு வெள்ளையைத்தான் எடுப்பார்கள். உண்மையில் அவசரம் 1970, 80களின் வண்ணப் படங்களுக்கே. அவற்றின் நீலச்சாயம் முதலில் மங்குவதால் படம் செம்மை ஏறிக்கொண்டே போகும். நன்றாகக் கழுவி உலர்த்திய கறுப்பு வெள்ளைப் படம் நூறாண்டு தாங்கும்.

பெயர், தேதி, ஸ்டுடியோ முத்திரை இருந்தால் படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்ய வேண்டும். மூலக் கோப்பை டிஃப் வடிவில் சேமிப்பது நல்லது. ஜேபெக்கைத் திருத்தித் திருத்திச் சேமிக்கும்போது தரம் குறையும். ஒரு பிரதி வீட்டு ஹார்ட் டிஸ்கிலும் இன்னொன்று வெளியூர் உறவினரிடமோ இணையச் சேமிப்பிலோ இருக்கட்டும். உறவினருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டுவிடும். டாக்குமென்டாக அனுப்பினால் முழுக் கோப்பும் போய்ச்சேரும்.