பம்பு இல்லாமல் சுழலும் தண்ணீர்

அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனி 1908 முதல் 1927 வரை ‘மாடல் டி’ என்னும் காரைத் தயாரித்தது. ஒன்றரைக் கோடிக்கு மேல் வெளிவந்த இக்காரின் எஞ்சின் 20 குதிரைத்திறன் கொண்டது. முதலில் வந்த சுமார் 2,500 கார்களைத் தவிர மற்றவற்றில் தண்ணீரைச் செலுத்தும் பம்பே கிடையாது! எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே தண்ணீர் தானாகவே சுற்றி வந்தது.

இன்றும் பழங்கார் ஆர்வலர்கள் பலர் மாடல் டி கார்களை ஓட்டுகிறார்கள். அவர்களுக்கு அடிக்கடி நேரும் தொல்லை ஒன்று உண்டு. ரேடியேட்டரில் ஒழுக்கு இல்லை. தண்ணீரும் நிறைய இருக்கிறது. ஆனால் சில மைல் ஓடியதும் மூடியிலிருந்து ஆவி பறக்கிறது. காரணம் என்ன?

முதலில் தண்ணீர் எப்படிச் சுழல்கிறது என்று பார்ப்போம். 95 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீரின் நிறை சுமார் 962 கிராம். 70 டிகிரியில் 978 கிராம். எஞ்சினில் சூடேறிய நீர் இலேசாகி, மேல் குழாய் வழியே ரேடியேட்டரின் மேல் தொட்டிக்கு ஏறுகிறது. அங்கிருந்து மெல்லிய குழாய்களில் இறங்கும்போது குளிர்ந்து கனமாகி, கீழ்க் குழாய் வழியே மீண்டும் எஞ்சினுக்கு வருகிறது. சோற்றுப் பானையில் நடக்கும் அதே வெப்பச் சலனந்தான்.

வித்தியாசம் லிட்டருக்கு 16 கிராம். அரை மீட்டர் உயரத்துக்குக் கணக்கிட்டால், தண்ணீரைத் தள்ளும் அழுத்தம் வெறும் 8 மில்லிமீட்டர் நீர்மட்டத்துக்குச் சமம்! உங்கள் சுண்டு விரலின் அகலம்கூட இல்லை. இவ்வளவு சிறிய உந்துதலை நம்பியிருப்பதால், குழாயில் சிறிது உப்புப் படிவு சேர்ந்தாலும் ஓட்டம் தளர்ந்துவிடும். நீர்மட்டம் மேல் குழாயின் வாய்க்குக் கீழே போனாலோ சுற்று அறுந்து ஓட்டம் நின்றேவிடும்.

ரேடியேட்டர் என்றால் கதிர்வீசி என்று பொருள். பெயர் பொருத்தமானதன்று. அது வெப்பத்தைக் கதிர்களாக வீசுவது மிகக் குறைவு. பெரும் பகுதியைக் கொண்டு செல்வது அதனூடே பாயும் காற்றே. காற்றுக்கு அதிகப் பரப்பைத் தருவதற்காகக் குழாய்களைச் சுற்றி மெல்லிய உலோகத் தகடுகளைச் சேர்த்துப் பற்றவைத்திருப்பார்கள்.

நம் புதிருக்கு விடை பெரும்பாலும் இத்தகடுகளில்தான் இருக்கிறது. பல்லாண்டு அதிர்விலும் அரிப்பிலும் தகட்டுக்கும் குழாய்க்கும் இடையிலுள்ள பற்று விட்டுப்போகிறது. அந்த இடத்தில் தலைமயிர் அளவு காற்று புகுந்தால் போதும். செம்பு காற்றைவிடப் பதினாயிரம் மடங்குக்கு மேல் நன்றாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே தகடு அங்கேயே இருந்தும் பயனில்லை. குழாயின் வெப்பம் அதனிடம் வந்து சேர்வதில்லை. தகட்டை விரலால் மெல்ல அசைத்துப் பாருங்கள். குழாய்மீது அது நகர்ந்தால் பற்று போய்விட்டது என்று அறியலாம்.

ஒழுக்கு மட்டும் என்றால் செப்பனிடலாம். அதுவும் கைப்பழக்கம் உள்ளவர் செய்ய வேண்டிய வேலை. பற்றவைக்கப் பயன்படும் வெள்ளீய–காரீயக் கலவை 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். நம் வீட்டில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பை நினைத்துப் பாருங்கள். அதன் வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். உள்ளே ரசம் இருக்கும்வரை 100 டிகிரிக்கு மேல் போகாததால் சொம்பு பிழைக்கிறது; வெறுமையாக அடுப்பில் வைத்தால் உருகி வழிந்துவிடும். தண்ணீர் இல்லாத ரேடியேட்டரிலும் அப்படியே. சுடரை ஓரிடத்தில் அதிக நேரம் காட்டினால் பக்கத்து இணைப்புகளும் இளகி, ஓர் ஒழுக்கை அடைக்கப்போய் ஒன்பது ஒழுக்கு உண்டாகும். காரீயப் புகை நஞ்சு என்பதையும் மறக்கலாகாது.

உப்புப் படிவை சிட்ரிக் அமிலக் கரைசல் கரைத்துவிடும். ஆனால் நூற்றுக்கணக்கான தகடுகளில் விட்டுப்போன பற்றை மீண்டும் உண்டாக்குவது நடைமுறையில் இயலாத காரியம். அப்போது மேல் தொட்டியையும் கீழ்த் தொட்டியையும் வைத்துக்கொண்டு, நடுவிலுள்ள குழாய்த் தொகுதியை மட்டும் புதிதாக மாற்றுவதே சரியான வழி.

சிலர் பணத்தை மிச்சப்படுத்த எண்ணி, ஒரு பம்பை வாங்கி இணைத்துவிடுகிறார்கள். தண்ணீர் வேகமாகச் சுழலும், உண்மைதான். ஆனால் வெப்பம் காற்றுக்குப் போகும் வாசல் அடைபட்டிருக்கும்போது அதனால் என்ன பெரிய பயன்? வேறு சிலருக்கு இக்காலக் கார்களைப்போல் அழுத்த மூடி போடும் ஆசை. வளிமண்டல அழுத்தத்தைவிட ஒரு மடங்கு கூடுதல் அழுத்தத்தில் தண்ணீர் 120 டிகிரியில்தான் கொதிக்கும் என்று அவர்கள் படித்திருப்பார்கள். மாடல் டி ரேடியேட்டரோ வழிகுழாய் மூலம் வெளிக்காற்றுக்குத் திறந்தே இருப்பது. அதை அடைத்து அழுத்தம் ஏற்றினால் பழைய இணைப்புகள் பிளந்துகொள்ளும். கடல்மட்டத்தில் 100 டிகிரி, 2,000 மீட்டர் உயர மலைப்பாதையில் 93 டிகிரி. இதற்குள் சமாளிக்கத்தான் அந்த எஞ்சின் அமைக்கப்பட்டது.

புதிய தொகுதியைப் பொருத்தியபின் நீர்மட்டம் மேல் குழாயின் வாய்க்கு மேலே இருக்கிறதா என்று பார்த்து எஞ்சினை ஓட்ட வேண்டும். நன்கு சூடானதும் அதை நிறுத்தி, கையால் தொடாமல் ஒரு வெப்பமானியை ரேடியேட்டரின் பல இடங்களில் வைத்துப் பார்க்கலாம். மேலே சூடு அதிகமாகவும் கீழே படிப்படியாகக் குறைந்தும் வந்தால் ஓட்டம் சீராக உள்ளது. நடுவே ஓர் இடம் மட்டும் ஆறிக் கிடந்தால், அங்குள்ள குழாயில் தண்ணீர் ஓடவில்லை.