எட்டு டிகிரி கால்வாய்க்கு இந்தப் பக்கம்

சரக்குக் கப்பலில் என்னோடு வேலை பார்த்த மினிக்காய்க்காரர் வீட்டுக்குக் கடிதம் எழுதினால் பேனா வலமிருந்து இடமாக ஓடும். எழுத்தின் பெயர் தானா. முதல் ஒன்பது எழுத்துகளும் ஒன்று முதல் ஒன்பது வரையான அரபு எண்களிலிருந்து பிறந்தவையாம். கணக்குப்பிள்ளை பேரேட்டில் காதல் கடிதம் எழுதினாற்போல இருக்கும் எனக்கு. அவர் பெட்டியில் மாசி தீராது. சூரையை வேகவைத்துப் புகையிட்டு உலர்த்திய கருவாடு. லேசில் கத்தி இறங்காது.

மினிக்காய் லட்சத்தீவின் தென்கோடிப் பவளத்தீவு. 5 சதுர கிலோமீட்டர்கூட இல்லை. 2011 கணக்கெடுப்பில் சுமார் 10,400 பேர். ஆண்கள் பலர் கப்பலுக்குப் போய்விட, தாய்வழிக் குடும்பங்களைப் பெண்கள் நடத்துகிறார்கள். மற்ற தீவுகளில் மலையாளத்தின் கிளையான ஜெசரி. இங்கே மட்டும் சிங்களத்துக்கு உறவான மஹல். அதுவும் தனிமொழி அல்ல, மாலத்தீவின் திவேஹியில் ஒரு வட்டார வழக்கு. கண்ணூர் அரக்கல் அரச குடும்பத்திடமிருந்து ஆங்கிலேயர் கைக்குப் போனதால் தீவு இந்தியாவோடு நின்றது. 1976இல் இரு நாடுகளும் கடல் எல்லை வகுத்துக்கொண்டன.

“எட்டு டிகிரி கால்வாயைத் தாண்டி மாலத்தீவுக்குப் போனால் என் பேச்சுதான் ராஜபாஷை” என்று சிரிப்பார் நண்பர். காரைக்கால்காரனான எனக்கு இது புதிது. வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர். பிரெஞ்சுக்காரன் போட்ட எல்லைக்கு இருபுறமும் தமிழ்தான்.

மினிக்காய் போலவே நாடு ஒன்று, மொழி வேறு என்று பசிபிக்கில் கப்பிங்கமாராங்கி என்றொரு பவளத்தீவு. இருப்பது மைக்ரோனேசியக் கூட்டாட்சியில், பேசுவது பாலினேசிய மொழி. நூறு வருடத்துக்கு முன் பஞ்சம் பிழைக்க போன்பே தீவுக்குப் போனவர்கள் அங்கே போராகியெட் என்று தனிக் குடியிருப்பே அமைத்தார்கள். மொழியையும் கூடவே கொண்டுபோனார்கள்.

மினிக்காய்க்குச் சிக்கல் பள்ளிக்கூடத்தில் வந்தது. 2025 மே மாதம், மூன்றாம் மொழியாக இருந்த மஹலையும் அரபியையும் எடுத்துவிட்டு இந்தியை வைக்க லட்சத்தீவுக் கல்வித்துறை உத்தரவிட்டது. ஜூனில் கேரள உயர்நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. யூனியன் பிரதேசத்தில் உத்தரவு தூரத்திலிருந்து வருவது எங்களுக்கும் பழக்கம்தான். ஆனால் புதுச்சேரிக்குப் பேருந்து உண்டு. லட்சத்தீவின் தலைநகர் கவரத்திக்கும் மினிக்காய்க்கும் நடுவே 200 கிலோமீட்டருக்கு மேல் கடல்.

பிள்ளைகள் இந்தி படிக்கட்டும். கப்பலில் எனக்கே அது சோறு போட்டது. நானும் அவரும் பேசிக்கொண்டதும் அதில்தான். அதற்காக மஹல் ஏன் பெஞ்சைக் காலி செய்ய வேண்டும்?