மாட்டுக்குப் போடும் புழு மருந்து குளத்துக்குள் என்ன செய்கிறது?

2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் மாடுகளும் எருமைகளும் சேர்ந்து 30 கோடிக்கு மேல். இவற்றுக்குக் கொடுக்கும் புழு மருந்தும் உண்ணி மருந்தும் மாட்டோடு முடிந்துபோவதில்லை. ஒரு பகுதி குளம், ஆறு வரை போகிறது.

தண்ணீருக்கு எப்படிப் போகுது?

ஐவர்மெக்டினை எடுத்துக்கொள்வோம். 1981 முதல் கால்நடைகளுக்குப் பயன்படும் மருந்து. இதைக் கண்டறிந்ததற்காக 2015-ல் நோபல் பரிசும் கிடைத்தது. ஊசியாகப் போட்டாலும் இதன் பெரும்பகுதி சாணத்தில்தான் வெளியேறுகிறது. மழை பெய்தால் தண்ணீரோடு போய்விடும். சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற உண்ணி மருந்துகளுக்கு வழி இன்னும் சுருக்கம். மேலே தடவிய எருமை குளத்தில் இறங்கினாலே போதும்.

மாட்டுக்கு ஆகாதது பூச்சிக்கு ஏன் ஆகுது?

ஐவர்மெக்டின் புழுக்களின் நரம்பில் உள்ள ஒருவகைப் புரதத்தைத் தாக்கி முடக்குகிறது. அந்தப் புரதம் மாட்டுக்கும் மனிதருக்கும் இல்லை. ஆனால் நீர்ப்பூச்சிகளுக்கு உண்டு. இறாலுக்குத் தூரத்துச் சொந்தமான, கடுகளவே உள்ள டாஃப்னியாவுக்கும் உண்டு. ஒரு கிராம் மருந்தை 4 கோடி லிட்டர் தண்ணீரில் கலந்தால் எவ்வளவு இருக்கும்? அந்த அளவே, ஆய்வகத்தில் டாஃப்னியாக்களில் பாதியை 2 நாளில் கொல்லப் போதுமானது.

டாஃப்னியா பாசியைத் தின்னும். மீன்குஞ்சுகள் டாஃப்னியாவைத் தின்னும். அது குறைந்தால் குளத்தில் பாசி கூடும், மீனுக்கு இரை குறையும்.

வெயில் பட்டால் ஐவர்மெக்டின் சீக்கிரம் சிதையும் என்பது உண்மைதான். ஆனால் சேற்றில் ஒட்டிக்கொண்ட பகுதி நீண்ட நாள் தங்கும்.

வேறெங்காவது நடவடிக்கை எடுத்தாங்களா?

பிரிட்டனில் செம்மறி ஆடுகளைச் சைபர்மெத்ரின் கலந்த தொட்டியில் முக்கி எடுப்பது வழக்கமாக இருந்தது. அந்த நீர் ஓடைகளில் கலந்து பூச்சிகள் அழிந்ததால், 2006-ல் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது.

அப்போ மருந்தே வேண்டாமா?

வேண்டும். புழுவும் உண்ணியும் பாலைக் குறைக்கும், கன்றைக் கொல்லும். மாற்ற வேண்டியது பயன்படுத்தும் முறையை. முதுகில் ஊற்றும் ஐவர்மெக்டின் போட்ட மாட்டை 14 நாள் குளம், ஓடைப் பக்கம் விடக் கூடாது என்று பிரிட்டனில் மருந்தின் லேபிளிலேயே எழுதியிருக்கும். சாணத்தைப் பரிசோதித்து, புழு இருக்கும் மாட்டுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் செலவும் மிச்சம்; மருந்துக்கு அடங்காத புழுக்கள் உருவாவதும் தாமதமாகும்.

ஊரில் உங்கள் வீட்டில் மாடு இருக்கிறதா? மருந்து போட்ட மறுநாள் அதை எங்கே குளிப்பாட்டுகிறார்கள் என்று அடுத்த முறை போனில் பேசும்போது கேட்டுப் பாருங்கள்.