பயனற்றது போன்ற உறுப்பு

இயந்திரத்தைச் செய்வோர் அதில் ஓர் உறுப்பையும் காரணமின்றி அமைப்பதில்லை. ஓர் உறுப்பின் பயன் விளங்கவில்லையெனின், குறை பெரும்பாலும் பார்ப்பவரின் அறிவில் உள்ளதேயன்றி உறுப்பில் உள்ளதன்று. இவ்வுண்மையைப் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைக் கொண்டு நன்கு உணரலாம்.

சேலம் மாவட்டத்திலிருந்து 1965ஆம் ஆண்டில் பிரிக்கப்பட்டது தருமபுரி மாவட்டம். இம்மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், பாட்டனார் ஓட்டிய புல்லட் வண்டி நெடுநாளாகத் தாழ்வாரத்தில் நிற்கின்றது எனக் கொள்க. பேரன் அதனைத் துடைத்துப் பழுது பார்க்க முற்படுகின்றான். வலப்பக்கத்தில் கியர்ப்பெட்டியின் மூடி காணப்படுகின்றது. அதில் கியர் மாற்றும் மிதி இருக்கின்றது. அதற்குப் பின்னால், குதிகாலுக்கு எட்டும்படி, மற்றொரு சிறு நெம்புகோலும் இருக்கின்றது. இக்கால வண்டிகளில் அவன் அதனைக் கண்டதில்லை. அது யாது? கழற்றி எறிந்துவிடலாமா?

விடை காணுமுன் வண்டியின் வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும். ராயல் என்பீல்டு நிறுவனம் இங்கிலாந்தில் ரெடிச் என்னும் ஊரில் இருந்தது. அந்நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் 1955ஆம் ஆண்டில் கூட்டுச் சேர்ந்தன. சென்னையை அடுத்த திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. புல்லட் வண்டிகள் அங்கே உருவாயின. அவற்றின் எஞ்சின் 346 கன சென்டிமீட்டர் கொள்ளளவு உடையது. கியர்ப்பெட்டியோ இங்கிலாந்தின் ஆல்பியன் நிறுவனத்தார் வகுத்த அமைப்பைச் சேர்ந்தது. அதில் நான்கு கியர்கள் உண்டு.

எஞ்சினில் பிறக்கும் ஆற்றல் முதலில் ஒரு சங்கிலி வழியாகக் கிளட்சை அடைகின்றது. அங்கிருந்து கியர்ப்பெட்டிக்குச் செல்கின்றது. பின்னர் மற்றொரு சங்கிலி வழியாகப் பின்சக்கரத்தைச் சுழற்றுகின்றது. கியர்ப்பெட்டியிலுள்ள பற்சக்கரங்கள் எதுவும் ஆற்றலைக் கடத்தாத நிலைக்கு நியூட்ரல் என்று பெயர். அந்நிலையில் எஞ்சின் ஓடினும் வண்டி நகராது.

இனி, அறியாத உறுப்பை ஆராயும் முறையைக் காண்போர்க்கு மூன்று படிகள் உண்டு. முதலாவது, அழுக்கை நீக்கி, அவ்வுறுப்பு எதனோடு இணைந்துள்ளது என்று நோக்குதல். சிறு நெம்புகோல் கியர்ப்பெட்டியோடு இணைந்துள்ளது. ஆதலின் அது பிரேக்கு அன்று, கியரைச் சார்ந்ததே என்பது தெளிவு.

இரண்டாவது, அதனை அசைத்து விளைவைக் காணுதல். எஞ்சினை நிறுத்தி, பின்சக்கரம் தரையைத் தொடாதபடி வண்டியை நடுத்தாங்கியில் நிறுத்துதல் வேண்டும். மூன்றாங் கியரில் இட்டுச் சக்கரத்தைக் கையால் சுழற்றினால், எஞ்சினின் தடை தெரியும். பின்பு கிளட்சைப் பிடித்து, சக்கரத்தை மெல்ல அசைத்துக்கொண்டே சிறு நெம்புகோலை அழுத்தி, கிளட்சை விடுதல் வேண்டும். இப்போது சக்கரம் தடையின்றிச் சுழல்கின்றது! இச்சோதனையின்போது விரல்களைச் சங்கிலியின் அருகே கொண்டுபோதல் கூடாது.

மூன்றாவது, சோதனையைப் பலமுறை மாற்றிச் செய்தல். இரண்டாங் கியரிலும் நான்காங் கியரிலும் அதே விளைவு கிடைக்கின்றது. முதற் கியரில் மட்டும் நெம்புகோல் பயன்தருவதில்லை. காரணம் யாது? இவ்வண்டியில் மிதியை மேலே தூக்கினால் முதற் கியர் விழும். கீழே அழுத்தினால் ஏனைய மூன்றும் வரிசையாக விழும். முதற் கியருக்கும் இரண்டாங் கியருக்கும் நடுவே உள்ளது நியூட்ரல். சிறு நெம்புகோல் மேற்கியர்களிலிருந்து கீழ்நோக்கி ஒரே திசையில் கியரைக் கொணர்ந்து நியூட்ரலில் நிறுத்திவிடுகின்றது. முதற் கியரோ நியூட்ரலுக்கு மறுபுறத்தில் உள்ளது. ஆதலின் அங்கே அதன் வேலை செல்லாது.

எனவே, இதன் பணி நியூட்ரலை எளிதில் கண்டடைதலே. ஆங்கிலத்தில் இதனை ‘நியூட்ரல் ஃபைண்டர்’ என்பர். வண்டியை நிறுத்துங்கால், ஒவ்வொரு கியராக இறங்கித் தடுமாறாமல், ஒரே மிதியில் நியூட்ரலை அடைய இது உதவியது. பிற்காலத்தில் ஐந்து கியர்களும் இடக்கால் மிதியும் கொண்ட பெட்டிகள் வந்தபின் இது மறைந்தது.

இதனை அறியாமை வெறும் குறையன்று; இடரும் ஆகும். இக்கால மோட்டார் சைக்கிள்களில் பின்பிரேக்கு வலக்காலுக்கு உரியது. பழைய புல்லட்டிலோ அது இடக்காலுக்கு உரியது. சேலத்துக்கும் தருமபுரிக்கும் இடையே தொப்பூர்க் கணவாய் உள்ளது. அங்கே சரிவில் இறங்கும் ஒருவன் பழக்கத்தால் வலக்காலை அழுத்தி, இந்நெம்புகோலைப் பிரேக்கு எனக் கருதி மிதிப்பானாயின், வேகம் குறையாது. கியரும் விலகிவிட்டால், எஞ்சின் சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும் துணையும் அற்றுப்போகும். வண்டி மேலும் விரையும். சரிவில் கீழ்க்கியரிலேயே இறங்குதல் வேண்டும் என்பதன் காரணமும் இதுவே.

சிறுவன் அந்நெம்புகோலைக் கழற்றி எறிந்திருப்பின், பயனுள்ள ஓர் உறுப்பை இழந்திருப்பான். ஆராயாமல் ஓட்டியிருப்பின், உயிருக்கே இடர் தேடியிருப்பான். பொறுமையாக நோக்கி, அசைத்து, ஒப்பிட்டுப் பார்த்தமையால் இரண்டிலிருந்தும் தப்பினான். அறியாததைப் பயனற்றதென்று தள்ளுவது எளிது. அதன் பயனைத் தேடிக் காண்பதே அறிவுடையார் செயலாகும்.