எண் 1 கிடங்கு, வெஸ்ட் இந்தியா கீ, லண்டன்

ஜமைக்காத் தோட்டங்களில் அடிமைகள் வெட்டிக் காய்ச்சிய சர்க்கரை 1802 முதல் பீப்பாய் பீப்பாயாக வந்து இறங்கிய இடம் இது. அண்ணாந்து பாருங்கள்: இந்த உத்தரங்களின் பருமன் அந்தச் சுமைக்கானது. இந்தத் துறைமுகத்தை அமைக்க முன்னின்ற ராபர்ட் மில்லிகன் 1809இல் இறந்தபோது அவருடைய தோட்டங்களில் 526 பேர் அடிமைகளாக இருந்தார்கள்.

2020 ஜூனில் மில்லிகனின் சிலை வாசலிலிருந்து அகற்றப்பட்டது. சிலையை எடுத்தவர்கள் கிடங்கை மட்டும் ஏன் பாதுகாக்க வேண்டும் என்பது நியாயமான கேள்விதான். சிலை ஒருவரைப் போற்ற எழுந்தது; கிடங்கோ நடந்ததற்குச் சாட்சி. இதை இடித்தால் மில்லிகனுக்கு ஒரு நட்டமும் இல்லை. அந்த 526 பேரின் உழைப்புக்கு லண்டனில் மிஞ்சியிருக்கும் தடயம்தான் அழியும். இது நம் கதையல்ல என்று தமிழர்கள் ஒதுங்கிக்கொள்ளவும் வழியில்லை. 1833ஆம் ஆண்டு அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் அடிமை முதலாளிகளுக்கு 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கியது. உழைத்தவர்களுக்கு ஒரு காசு கூட இல்லை. அடிமைமுறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்கள் ஆள் தேடி நம் கரைக்கும் வந்தன. 1860இல் 'ட்ரூரோ' கப்பல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து டர்பனுக்குப் புறப்பட்டது.