கொல்லைவாசலுக்கும் காவல் வேண்டும்



குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு தென்காசியைக் கடந்து ஓடிவந்து பொருநையோடு கலக்கும் இடம் சீவலப்பேரி. இரண்டு ஆறுகளிலும் ஒருசேர வெள்ளம் வந்தால் அவ்வூரார் படும் பாட்டை நெல்லைச் சீமையில் இருப்போருக்கு நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் பெய்த பெருமழையில், காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது. பொருநை கரை புரண்டது. பல ஊர்களில் மின்சாரமும் தொலைபேசியும் நின்றுபோயின.

ஆற்றங்கரைக் கல்லூரி ஒன்று தன் மின்னஞ்சல் சர்வரைத் தன் கட்டடத்திலேயே ஓர் அறையில் வைத்து நடத்துவதாக வைத்துக்கொள்வோம். வெள்ளத்தால் மின்சாரம் இல்லை, சர்வர் உறங்குகிறது. அவ்வேளையில் மாணவி ஒருத்திக்கு வேலைக்கான நேர்முக அழைப்பு புறப்பட்டு வருகிறது. அது எங்கே போய் நிற்கும்?

மின்னஞ்சல் முகவரியின் பின்பாதி நிறுவனத்தின் பெயர். அப்பெயருக்கு வரும் கடிதங்களை எந்தச் சர்வரிடம் ஒப்படைப்பது என்பது இணையத்தின் பெயரேட்டில் எழுதப்பட்டிருக்கும். எம்.எக்ஸ். பதிவு என்று அழைக்கப்படும் இம்முறை 1986-இல் வகுக்கப்பட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட சர்வர்களையும் எழுதலாம். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. எண் சிறியதாயின் முதலிடம். அது வாய் திறவாவிடின் அடுத்த எண்ணுடையதை நாடவேண்டும். இவ்வாறு இரண்டாவதாக நிற்பதே மாற்றுச் சர்வர். அது கடிதங்களை வாங்கி வைத்திருந்து, முதல் சர்வர் விழித்தெழுந்ததும் ஒப்படைக்கும். வீட்டார் ஊரில் இல்லாதபோது அடுத்த வீட்டார் தபாலை வாங்கி வைப்பது போன்ற உதவிதான்.

ஆனால் உலகில் நல்ல கடிதம் மட்டுமா வருகிறது? 1978-இல் அர்ப்பாநெட் என்னும் பழைய வலையில், கணினி விற்பனையாளரான கேரி தூர்க் என்பவர் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். குப்பை அஞ்சலின் தொடக்கம் அதுவே என்பர். இன்று அதனை அனுப்புவோர் பெரிய எண்ணுடைய மாற்றுச் சர்வரையே வேண்டுமென்று தேடி வருகின்றனர். முன்வாசலில் காவலாள் தடியோடு நிற்பான். கொல்லைவாசலில் எவரும் இரார் என்பது அவர்கள் கணக்கு. வருந்தத்தக்க வகையில் அக்கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருந்துவிடுகிறது. முதல் சர்வரில் வடிகட்டியை அமைத்து நாள்தோறும் புதுப்பிப்பவர், என்றோ ஒருநாள் பயன்படும் மாற்றுச் சர்வரை மறந்துவிடுகிறார்.

மறதியின் விளைவு குப்பை நுழைவதோடு நில்லாது. கொல்லைவாசல் வழியாக வந்த கடிதத்தை முதல் சர்வர் சோதிக்கும்போது, அதன் கண்ணுக்குத் தெரிவது மாற்றுச் சர்வரின் முகவரியே. உண்மையில் அனுப்பியவனுடைய முகவரி அன்று. ஆதலால் தீயோர் பட்டியலைப் பார்த்துத் தடுக்கும் முறை அங்கே பயன்படாது. புதிதாய் வருபவனைச் சற்று நேரம் கழித்து வரச்சொல்லும் முறையொன்று 2003 முதல் வழக்கில் உள்ளது. நேர்மையான சர்வர் திரும்பி வரும். குப்பை அனுப்புவோன் பெரும்பாலும் வரமாட்டான். முன்வாசலில் இவ்வாறு சொல்லிவிட்டுக் கொல்லைவாசலைத் திறந்துபோட்டால் அவன் ஏன் காத்திருக்கப் போகிறான்?

இதனினும் பெரிய தீங்கு ஒன்று உண்டு. கல்லூரியில் யார் யார் இருக்கின்றனர் என்பது மாற்றுச் சர்வருக்குத் தெரியாதாயின், இல்லாத பெயருக்கு வரும் கடிதத்தையும் அது வாங்கிக்கொள்ளும். பின்னர் முதல் சர்வர், “இப்பெயரில் இங்கே எவரும் இல்லை” என்று மறுக்கும். வாங்கிய பொறுப்பு மாற்றுச் சர்வருடையது. விதிப்படி அனுப்பியவருக்குச் செய்தி சொல்லியாக வேண்டும். ஆனால் உறையின்மேல் எழுதியிருப்பது பொய்ப்பெயர். எங்கோ இருக்கும் ஒரு குற்றமற்றவருக்கு, அவர் எழுதாத கடிதங்கள் ஆயிரமாயிரமாய்த் திரும்பிச் செல்லும். அதன் பயனாகக் கல்லூரிச் சர்வரே தொல்லையாளர் பட்டியலில் ஏறிவிடுவதும் உண்டு. அதற்குப்பின் அம்மாணவி அனுப்பும் விண்ணப்பத்தைப் பிற நிறுவனங்கள் வாசலிலேயே மறுத்துவிடும். அவள் செய்த பிழை யாது?

பரிகாரம் கடினமானதன்று. உரியவர் பெயர்ப்பட்டியலை மாற்றுச் சர்வருக்கும் அவ்வப்போது படியெடுத்துக் கொடுக்கவேண்டும். போஸ்ட்ஃபிக்ஸ் போன்ற மென்பொருள்களில் இதற்கென்றே இடம் உண்டு. பட்டியலில் இல்லாத பெயருக்கு வரும் கடிதத்தை வாங்கியபின் திருப்புவதைவிட, வாங்காமலே 550 என்னும் மறுப்பு எண்ணைச் சொல்லி நிறுத்துவதே முறை. வடிகட்டி இரு வாசலிலும் ஒன்றாக இருத்தல் வேண்டும். முதல் சர்வரோ, தன் மாற்றுச் சர்வர் கொணரும் கடிதத்தில் ஐயம் கொண்டால், அதனை மறுத்துத் திருப்பாமல் தனியே ஒதுக்கி வைக்கவேண்டும்.

இவ்வளவும் சொன்னபின் என் கருத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சிறிய கல்லூரிக்கு மாற்றுச் சர்வரே வேண்டுவதில்லை. கடிதம் சேராவிடில் அனுப்பும் சர்வர் அதனைத் தன்னிடமே வைத்திருந்து, நான்கைந்து நாட்களேனும் மீண்டும் மீண்டும் முயலவேண்டும் என்பது அஞ்சல் விதி. இரண்டு நாள் வெள்ளத்தில் அழைப்புக் கடிதம் அழிந்துபோகாது. மாற்றுச் சர்வர் இருந்தாலும் கடிதம் அங்கே காத்துக்கிடக்குமேயன்றி, முதல் சர்வர் எழும்வரை மாணவியின் கண்ணில் படாது.

பெரிய நிறுவனங்களின் நிலை வேறு. சிற்றாறு பாயும் தென்காசிப் பக்கத்து மத்தளம்பாறையில் 2011 முதல் அலுவலகம் நடத்திவரும் சோஹோ, தன் அஞ்சல் சேவைக்கு 10, 20, 50 என்ற எண்களோடு மூன்று சர்வர் பெயர்களைத் தருகிறது. மூன்றையும் நடத்துவது அந்நிறுவனமே. அடுத்த வீட்டாரின் தயவு அங்கே தேவையில்லை.

உங்கள் கல்லூரியின் பதிவையும் நீங்களே பார்க்கலாம். கணினியில் என்.எஸ்.லுக்அப் என்னும் கட்டளையைக் கொடுத்து எம்.எக்ஸ். பதிவைக் கேட்டால் எண்களும் பெயர்களும் திரையில் வந்து நிற்கும். இரண்டாவது பெயர் ஒன்று தென்பட்டு, அது வேறொருவர் நடத்தும் சர்வராகவும் இருந்தால், உங்கள் ஆய்வகப் பொறுப்பாளரிடம் அதற்குப் பெயர்ப்பட்டியல் கொடுக்கப்பட்டுள்ளதா என்று பணிவோடு கேட்டுப் பாருங்கள்.